ஈரக்காலுக்கு மட்டும் அடித்தது

மதிய நமாஸ் முடித்து வந்து உட்கார்ந்தால் மட்டும் மெஷின் ஷாக் அடிக்கிறது என்று பில்கிஸ் சொன்னபோது முதலில் சிரித்தவர் சூப்பர்வைசர் காசிநாதன்தான்.

“காலையில அடிக்கல. டீ டயத்துல அடிக்கல. நமாஸ் முடிச்சிட்டு வந்தா மட்டும் அடிக்குதா? மெஷினுக்கு இன்னாம்மா உன் மேல கோவம்?”

“கோவம் இருந்தா மெஷின் கிட்டயே பேசித் தீத்துக்குவேன் சார். இது கரண்டு. கைய வெச்ச உடனே சுர்ருனு முழங்கை வரைக்கும் ஏறுது. இன்னிக்குக் கை உதறி ஊசிக்குக் கீழ போய்டுச்சு. கொஞ்சம் தப்பியிருந்தா விரலைத் தெச்சிருக்கும்.”

பில்கிஸ் விரலை நீட்டிக் காட்டினாள். விரலில் காயம் எதுவும் இல்லை. அதுவே அவளுக்கு எதிராகப் போயிற்று.

ஆம்பூர் ரெட்டித்தோப்பில் ஒரு சந்தின் கடைசியில் இருந்த யூனிட் அது. பெரிய கம்பெனி வெட்டிய தோலை அனுப்பும். இங்கே இருக்கும் இருபது பெண்கள் அதை ஷூவின் மேல்பாகமாகத் தைத்துத் திருப்பி அனுப்புவார்கள். இப்போது ஓடிக்கொண்டிருந்தது வெள்ளைத் தோல். ஒரு பொட்டுத் தூசி ஒட்டினாலும் கம்பெனிக்காரன் பெட்டியோடு திருப்பிவிடுவான். அதனால் பெண்கள் எல்லாரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே வர வேண்டும். சிமென்ட் தரை, வெறுங்கால், இரும்பு மெஷின்.

காசிநாதன் ஷூ போட்ட காலோடு போய் பில்கிஸின் மெஷினைத் தொட்டுப் பார்த்தார். பக்கத்து மெஷினில் உட்காரும் சௌந்தர்யாவையும் தொடச் சொன்னார். சௌந்தர்யா தொட்டாள்.

“ஒண்ணும் இல்லயே சார்.”

“பாத்தியா? கூப்புடு அந்த எலெக்ட்ரீஷியனை.”

அந்த எலெக்ட்ரீஷியன் கழுகுமலைப் பக்கத்திலிருந்து வந்த இசக்கிராஜா. ஐ.டி.ஐ முடித்தவன், இருபத்திரண்டு வயது, ஆம்பூருக்குப் புதுசு. முதல் நாள் பெயரைச் சொன்னதும் பெண்கள் ‘இஸ்ஹாக்’ என்று கேட்டுக்கொண்டு சலாம் வைத்தார்கள். அவனும் வெட்கத்தில் திருத்தாமல் திருப்பி வைத்துவிட்டான். அன்றிலிருந்து அவர்களுக்கு அவன் இஸ்ஹாக்தான். இங்கே ஒழுங்காக வேலை பார்த்தால் பெரிய கம்பெனிக்கு நிரந்தரமாக அனுப்புவதாக முதலாளி தன்சீல் அகமது சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இசக்கிராஜா இங்கே மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். யாராவது அவன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால் போதும், என்ன தப்பு செய்தோம் என்று தேடத் தொடங்கிவிடுவான்.

இப்போது ஹாலே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மெயினை அணைத்தான். பில்கிஸின் மெஷினில், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்குவதற்காக இருந்த பச்சை நிற எர்த் வயரைக் கழற்றினான். தன் பெட்டியிலிருந்து வெள்ளைப் பீங்கானால் ஆன ஒரு ரெசிஸ்டரை எடுத்தான். ஆயிரத்து ஐந்நூறு ஓம். மெஷினில் கசிவு இருந்தால் மனுஷ உடம்பு வழியாக எவ்வளவு ஓடுமோ, ஏறக்குறைய அவ்வளவு இதன் வழியாக ஓடும். ஆளுக்குப் பதில் இது ஷாக் வாங்கிக்கொள்ளும். ஒரு முனையை மெஷின் இரும்பிலும் மறுமுனையை சுவிட்ச் போர்டின் எர்த்திலும் கிளிப்பால் மாட்டினான். மீட்டரை ஆம்பியரில் வைத்து நேரே மாட்டுவது மடத்தனம். அப்படி மாட்டிய ஒருவன் கையில் மீட்டர் பட்டாசாக வெடித்ததை ஐ.டி.ஐயில் பார்த்திருக்கிறான். ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ரெசிஸ்டரின் இரண்டு முனைகளிலும் மீட்டர் வயர்களைக் கவ்வவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, தள்ளி நின்று மெயினைப் போடச் சொன்னான். முக்கால் வோல்ட்டுக்குள் இருந்தால் பயமில்லை. தாண்டினால் மெஷினை நிறுத்த வேண்டும்.

மீட்டர் 0.00 காட்டியது.

இசக்கிராஜாவுக்கு உள்ளே எங்கோ ஒரு முள் நெருடியது. இந்த மாதிரி மோட்டாரில் ஒரு துளி கசிவாவது இருக்கும். அரை வோல்ட்டாவது காட்டியிருக்க வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் மெஷின் நல்லது என்று அர்த்தமில்லை, மாட்டிய எர்த் எர்த்துதானா என்று பார்க்க வேண்டும் என்று அர்த்தம். இது அவனுக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறான். ஆனால் காசிநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருபது மெஷின் சும்மா நின்றது. ஜீரோ என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்.

“ஜீரோ சார். சுத்தமா ஜீரோ. மெஷின்ல ஒண்ணுமில்ல.”

அதோடு விட்டிருக்கலாம். யாரும் அவனிடம் மேற்கொண்டு கேட்கவில்லை. எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற கூச்சமும், பிழைத்தோம் என்ற தெம்பும் சேர்ந்து வாயைத் திறந்துவிட்டன.

“சில பேருக்குப் பயத்துலயே அடிக்கிற மாதிரி இருக்கும்க்கா.”

ஹால் சிரித்தது.

“பயமா, இல்ல வேலை செய்யப் பேஜாரா?” என்றார் காசிநாதன். “கொழாய் கட்டிக் குடுங்கன்னு பாய் கிட்ட கேட்டதும் நீதான். கட்டிக் குடுத்தாச்சு. இப்ப கரண்டு அடிக்குதுங்கிற. நாளைக்கி இன்னா, கூரை அடிக்குதா?”

அது உண்மைதான். நமாஸுக்கு முன்னால் பெண்கள் கை, முகம், கால் கழுவி வஸு செய்ய நல்ல இடம் இல்லை, பழைய துருப்பிடித்த குழாயில் கலங்கல் தண்ணீர் வருகிறது என்று நோன்புக்கு முன்னால் தன்சீல் பாயிடம் போய்ப் பேசியவள் பில்கிஸ்தான். அவரும் மனசார, பின்பக்கம் வெள்ளை டைல்ஸ் ஒட்டி, புதுக் குழாய் போட்டுக் கொடுத்தார்.

பில்கிஸ் இசக்கிராஜாவை ஒரு முறை பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. கடையில் சில்லறை குறைத்துக் கொடுத்தவனைப் பார்ப்பது போல. அன்றே அவளை மெஷினிலிருந்து எடுத்து, ஜன்னலோரத்தில் நூல் வெட்டும் மேஜைக்கு அனுப்பினார்கள். பதினாறு வருஷமாகத் தைத்த கை. நூல் வெட்டும் மேஜை, புதுசாக வருகிற சின்னப் பெண்கள் உட்காரும் இடம்.

சௌந்தர்யா அவளுக்கு ‘ஷாக் ஆபா’ என்று பெயர் வைத்தாள். ஆபா என்றால் அக்கா. பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலம் ரூமுக்கு நடந்துகொண்டே இசக்கிராஜா போனை வாயருகே வைத்துப் பேசினான். அவன் அக்கா ஊரில் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ எனப்படும் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அங்கே உட்கார்ந்து வாய்ஸ் மெசேஜ் கேட்க முடியாது, சத்தமில்லாமல் படிக்கத்தான் முடியும். அதனால் இவன் பேசப் பேச போன் எழுத்தாக்கி அனுப்பும்.

“யக்கா, இன்னைக்கு இங்க ஒரு பிரச்சினை. கரண்ட் அடிக்குன்னு ஒரு அம்மா மெஷினை நிப்பாட்டிட்டாங்க. யாருக்கும் என்னன்னு தெரியல. என்னத்தான் கூப்புட்டாங்க. மீட்டர் வச்சு அஞ்சே நிமிஷத்துல ஒண்ணுமில்லன்னு நிரூபிச்சுட்டேன். எல்லாரும் பாத்துக்கிட்டே நின்னாங்க. அம்மாட்ட சொல்லு.”

பதில் ராத்திரி வந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாளாம், அம்மா பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு இன்னொரு தடவை படிக்கச் சொன்னாளாம். இசக்கிராஜா அதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தான். அந்த முள் ஒரு தரம் நெருடியது. போனைச் சட்டைப் பையில் போட்டான்.

*

அதற்கடுத்த வாரம் ஒரு மத்தியானம், ட்யூப் லைட் மாற்ற ஏணியில் ஏறி நின்றபோது மேலிருந்து ஒன்றைக் கவனித்தான். நமாஸ் முடித்து வந்த பெண்கள் உட்கார்ந்ததும், மேஜைக்கு அடியிலிருந்து கால் விரலாலேயே எதையோ இழுத்து, அதன் மேல் இரண்டு பாதங்களையும் வைத்துக்கொண்டார்கள். ஷூவுக்குள் வைக்கிற ஃபோம் துண்டு. வஜீதா அப்படிச் செய்தாள். மஹீன் செய்தாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, பேசவும் இல்லை. தினமும் செய்கிற காரியம் போல நடந்தது.

இறங்கி வந்து சௌந்தர்யாவிடம் கேட்டான். “காலுக்கடியில ஃபோம் எதுக்குக்கா?”

“குளிருது.”

“இந்த வெயில்லயா?”

சௌந்தர்யா மெஷினை நிறுத்தினாள். காசிநாதன் தூரத்தில் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“உன் மீட்டர்தான் ஜீரோ காட்டிச்சே. அப்புறம் இன்னாத்துக்குக் கேக்குற?”

“சொல்லுங்கக்கா.”

“எல்லாருக்கும் அடிக்குது. வஜீதாவுக்கு அடிச்சுது. மஹீனுக்கு அடிச்சுது. அன்னிக்குச் சாம்பார் கொட்டிடுச்சின்னு நான் காலைக் கழுவிக்கினு வந்து ஒக்காந்தேன், எனக்கும் அடிச்சுது. பல்லைக் கடிச்சிக்கினு இருந்துட்டேன்.”

“ஏன் யாருமே சொல்லல?”

“சொன்னவங்களுக்கு இன்னா ஆச்சுன்னு பாத்துக்கினுதானே இருக்கோம்?” ஜன்னலோர மேஜையைக் கண்ணால் காட்டினாள். “வேற யாராவது சொன்னாலும் சொல்லலாம். ஷாக் ஆபான்னு பேர் வெச்சதே நானு. நான் எந்த மூஞ்சியை வெச்சிக்கினு எனக்கும் அடிச்சிச்சின்னு சொல்றது?”

“ஃபோம் யார் குடுத்தது?”

“பில்கிஸ் ஆபாதான். ஒரு நாள் வெட்டி எடுத்துக்கினு வந்து, ஒவ்வொரு மெஷினுக்கும் கீழ போட்டுட்டுப் போய்ட்டாங்க. ‘பேசறதுக்கு இவங்க விட மாட்டாங்க, காலைக் காப்பாத்திக்குங்க’ன்னாங்க.”

இசக்கிராஜா ட்யூப் லைட் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே கொண்டு போகிறோம் என்று தெரியாமல் வாசல் வரைக்கும் நடந்தான். ஈரக்கால். இத்தனை நாளும் அவனுக்கு அது தோன்றவில்லை. நமாஸ் இல்லை, ஈரக்கால். உலர்ந்த கால் தரையோடு ஒட்டாது, ஈரக்கால் ஒட்டும். மெஷினில் உட்கார்ந்திருந்த கரண்டுக்கு மண்ணுக்குள் இறங்க வேறு வழியில்லாமல் இந்தப் பெண்களின் உடம்பில் இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் எர்த் கம்பி எங்கே போகிறது?

*

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்காக முதலாளியும் தொழுகிற ஆண்களும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். பெண்கள் பின்னறையில் தொழுதுகொண்டிருந்தார்கள். ஹாலில் யாரும் இல்லை.

இசக்கிராஜா சுவிட்ச் போர்டிலிருந்து புறப்படும் பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே போனான். சுவரோடு ஏறி, ஜன்னல் மேலாகப் போய், பின்பக்கம் இறங்கியது. அங்கே ஒரு இரும்புக் குழாயில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தது. குழாய் என்றால் ஒரு முழம் குழாய். மேலே அறுபட்டிருந்தது, கீழேயும் அறுபட்டிருந்தது. வெள்ளை டைல்ஸ் ஒட்டியபோது பழைய துருக் குழாயை அறுத்துப் போட்டுவிட்டு, பிளம்பர் பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருக்கிறான். சுவரில் மிச்சமிருந்த துண்டில் எர்த் வயர் பத்திரமாக, இறுக்கமாக, எங்கேயும் போகாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

இருபது மெஷினின் எர்த்தும் ஒன்றோடொன்று கட்டியிருந்தது, மண்ணோடு கட்டியிருக்கவில்லை. அன்று அவன் அளந்தது மெஷினுக்கும் மண்ணுக்கும் நடுவில் இல்லை. ஒரு மெஷினுக்கும் மற்ற மெஷின்களுக்கும் நடுவில். எல்லாம் ஒரே வோல்ட் உயரத்தில் கரண்டேறி நின்றன, அதனால் வித்தியாசம் ஜீரோ.

முதலில் கையை நனைத்துத் தொட்டுப் பார்த்துவிடலாமா என்றுகூட நினைத்தான். அவர்கள் பட்டதைத் தானும் படவேண்டும் என்று ஒரு வெறி. அது புத்திகெட்ட வேலை என்று கையை இழுத்துக்கொண்டான். மெயினை அணைத்தான். கொல்லையில் போர்வெல்லின் இரும்பு கேஸிங் பைப் நாற்பது அடிக்குக் கீழே மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. அதன் துருவைச் சுரண்டி, நீள வயரின் ஒரு முனையை அதில் கட்டி, மறுமுனையை ஹாலுக்குள் கொண்டுவந்தான். ரெசிஸ்டரின் ஒரு பக்கம் அந்த வயர், மறுபக்கம் பில்கிஸின் மெஷின். மீட்டரைக் கவ்வவிட்டான். மெஷின்களின் சுவிட்சை எல்லாம் போட்டுவைத்தான். எதையும் தொடாமல் போய், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மெயினைத் தூக்கினான்.

பன்னிரண்டு வோல்ட்.

முக்கால் இருக்கவேண்டிய இடத்தில் பன்னிரண்டு. ஆயிரத்து ஐந்நூறால் வகுத்தால் எட்டு மில்லிஆம்ப். கையை உதற வைக்கும், சதையை இறுகப் பிடிக்க வைக்கும். டிரிப் ஆகும் பெட்டி இதைக் கண்டுகொள்ளாது. அதற்கு முப்பது மில்லிஆம்பாவது வேண்டும்.

மெயினை அணைத்து அந்த ஒரு மெஷினை மட்டும் எர்த் கட்டிலிருந்து பிரித்து மறுபடி பார்த்தான். அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். மெயினை அணைத்து அதைத் திரும்பக் கட்டோடு சேர்த்தான். அந்த மெஷின் நல்ல மெஷின்தான். எல்லாமே நல்ல மெஷின்தான். ஒவ்வொன்றும் கசிய விட்ட துளி, போக வழியில்லாமல் சேர்ந்து நின்று, எந்த ஈரக்கால் முதலில் வருகிறதோ அதன் வழியாக மொத்தமாக இறங்கியிருக்கிறது.

“இன்னாடா, லீவு நேரத்துல வயரை இழுத்துப் போட்டுக்கினு?”

காசிநாதன் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார். இசக்கிராஜா சொன்னான். அறுந்த குழாயைக் காட்டினான். அவர் முகம் சுருங்கிற்று. டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த தண்ணீரைக் கீழே சொட்ட விட்டுக்கொண்டே யோசித்தார்.

“பிளம்பர் பண்ண வேலை. நீ இன்னா பண்ணுவ, நான் இன்னா பண்ணுவேன்? திங்கக்கிழமை சரக்கு ஏத்த கன்டெய்னர் வருது. ஞாயித்துக்கிழமை வந்து அந்த போர் பைப்போட கட்டிடு. மெஷினும் அடிக்காது, பேச்சும் இருக்காது.”

“அதுக்குள்ள யாருக்காச்சும்…”

“ஃபோம் போட்டுக்கினு ஒக்கார்றாங்க இல்ல? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ரெண்டு நாள்டா. பெரிய கம்பெனிக்கு உன் பேரைச் சொல்லுங்கன்னு இப்பதான் பாய் கிட்ட பேசியிருக்கேன். இத போய் ஒளறின்னா, அன்னிக்கு ஜீரோன்னு சொன்னவன் யாருன்னு கேப்பாரு. நான் காட்டிக் குடுக்கணும்னு இல்ல, தானா வரும்.”

காசிநாதன் கெட்ட மனுஷன் இல்லை. அவர் குரலில் அக்கறைகூட இருந்தது. அதைக் கேட்டதும் இசக்கிராஜாவின் நெஞ்சிலிருந்து ஒரு சுமை இறங்கிற்று. ஆமாம், ஞாயிற்றுக்கிழமை கட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது. அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது. பில்கிஸ் அக்கா? ஷாக் எப்படி நின்றது என்று யாருக்கும் தெரியாமல் நின்றுபோனால், அவள் பொய்க்காரி என்பது சுவரில் அடித்த ஆணி மாதிரி நிலைத்துவிடும்.

தொழுகை முடித்து முதலில் வந்தவள் பில்கிஸ்தான். ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து கத்தரியை எடுத்தாள். இசக்கிராஜா போய் அவள் பக்கத்தில் குனிந்து நின்றான்.

“அக்கா.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “எர்த் பைப் அறுந்து கெடக்குக்கா. அதான் அடிச்சிருக்கு. நீங்க சொன்னது நெசம். நான்தான் சரியாப் பாக்கல. மன்னிச்சுக்கங்கக்கா.”

பில்கிஸ் ஒரு நூலை வெட்டினாள். இன்னொன்றை வெட்டினாள்.

“ஏன் காதுல வந்து சொல்ற? யாராவது தூங்குறாங்களா?”

“இல்லக்கா…”

“அன்னிக்கு நல்லாச் சத்தமா சொன்னியே. அந்தக் கோடியில இருந்தவங்களுக்கும் கேட்டுச்சு. சின்னப் புள்ளைங்க எல்லாம் ஷாக் ஆபா, ஷாக் ஆபான்னு கூப்புடுதுங்க. எம் பொண்ணு உமைமாவுக்கும் தெரிஞ்சு போச்சு, ‘இன்னாம்மா, வேலை செய்யாம நாடகம் ஆடுனியாமே’ன்னு கேக்குறா. அவ காதுக்கு எப்டிப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. நீ எனக்கு மட்டும் ரகசியமா மன்னிப்பு குடுத்தா, அத எந்தப் பெட்டியில வெக்கிறது நானு?”

பில்கிஸ் அடுத்த தோலை இழுத்துக்கொண்டாள்.

“தள்ளு. வெளிச்சம் மறைக்குது.”

மற்றப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். புடவையையும் புர்காவையும் சற்றுத் தூக்கிக்கொண்டு, ஈரப் பாதத்தின் தடம் சிமென்ட் தரையில் பதியப் பதிய, ஒவ்வொருத்தியாகத் தன் மெஷினுக்குப் போனாள். இசக்கிராஜா அந்தத் தடங்களைப் பார்த்தான். அக்கா படித்துக் காட்ட, அம்மா பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டது ஞாபகத்துக்கு வந்தது. காசிநாதன் மெயின் சுவிட்சைப் போட எழுந்து போனார். இவன் ஓடிப்போய் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டான்.

“போடாதீங்க சார்.”

“டேய்.”

“போடாதீங்க. யாரும் மெஷினைத் தொடாதீங்க.”

ஹாலே திரும்பியது. அதே நேரம் வாசலில் தன்சீல் பாய் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டு உள்ளே வந்தார். “இன்னா கலாட்டா?”

இசக்கிராஜா எல்லாரையும் சுவரோரமாகத் தள்ளி நிற்கச் சொன்னான். மாட்டிய வயர் மாட்டியபடி இருந்தது. மெயினைத் தூக்கினான். மீட்டரில் எண் ஏறியது. அணைத்தான்.

“கொல்லையில போர் பைப்போட வயர் போட்டு அளந்திருக்கேன் பாய். பன்னெண்டு வோல்ட். முக்காலைத் தாண்டக் கூடாது. புதுக் கொழாய் போட்டப்ப எர்த் பைப்பை அறுத்துட்டாங்க. அதனால எந்த மெஷினுக்கும் எர்த் இல்ல. ஈரக்காலோட யார் தொட்டாலும் எல்லா மெஷின் கரண்டும் அவங்க மேலதான் எறங்கும்.”

“அன்னிக்கு ஜீரோன்னு சொன்னாங்களே?”

காசிநாதன் தரையைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை.

“நான்தான் சொன்னேன் பாய். அறுந்த எர்த்தை வச்சு அளந்துட்டேன். மொதல்ல எர்த் நல்லாருக்கான்னு பாத்திருக்கணும், தெரிஞ்சும் பாக்கல.” இத்தோடு நிறுத்திவிடலாம் என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. நிறுத்தினால் குற்றம் பிளம்பரிலும் மீட்டரிலும் பாதி பாதியாகப் போய்விடும். “இன்னொண்ணு. பயத்துல அடிக்கிற மாதிரி இருக்கும்னு ஒண்ணு சொன்னேன். அத மீட்டர் சொல்லல. நானாத்தான் சொன்னேன். பில்கிஸ் அக்கா பொய் சொல்லல.”

வெளியே சந்தில் ஒரு டெம்போ ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“எனக்கும் அடிச்சுது பாய்,” என்றாள் சௌந்தர்யா திடீரென்று. அழுகிறாளா, கோபப்படுகிறாளா என்று தெரியாத குரல். வஜீதா தலையாட்டினாள். மஹீன், “எனக்கு ரெண்டு வாட்டி” என்றாள்.

தன்சீல் பாய் இசக்கிராஜாவைப் பார்க்கவில்லை. தான் கட்டிக் கொடுத்த குழாய் இருக்கும் பின்பக்கத்தைப் பார்த்தார். “தோபா, தோபா,” என்று கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். “இன்னிக்கு அந்த போர் பைப்போட கட்டு. நாளைக்கே ஆளை வெச்சுத் தனியா எர்த்துக்குக் குழி வெட்டணும். கன்டெய்னர் லேட்டானா நான் பேசிக்கிறேன்.” கொஞ்சம் கழித்து, “உன் விஷயம் அப்புறம் பேசலாம்” என்றார். பெரிய கம்பெனி அந்த ‘அப்புறத்’தில் எவ்வளவு தூரம் தள்ளிப் போனது என்று இசக்கிராஜாவுக்குத் தெரியவில்லை.

பில்கிஸ் கத்தரியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து நடந்து வந்தாள். அவனைத் திட்டுவாள் என்று அவன் தயாராக நின்றான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவள் அவனைத் தாண்டி, தனக்குப் பதிலாகப் போட்டிருந்த, சுவரோரத்திலிருந்து திரும்பி வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்ட புதுப் பெண்ணிடம் போய், “எழுந்திரும்மா” என்றாள். அந்தப் பெண் எழுந்ததும், நாற்காலியின் உயரத்தைத் தன் அளவுக்கு இறக்கினாள். உட்கார்ந்தாள். பிறகுதான் திரும்பினாள்.

“இன்னா பாத்துக்கினு நிக்கிற? போய் பைப்பைக் கட்டு.”

அவன் போய்க் கட்டினான். துரு முழுக்கப் போகும் வரை தேய்த்தான். கிளாம்பின் நட்டு இரண்டு தரம் கீழே விழுந்தது. இறுக்கி, இழுத்துப் பார்த்து, மறுபடி இறுக்கினான். திரும்பி வந்து பில்கிஸின் மெஷினிலேயே மறுபடி அளந்தான். ரெசிஸ்டர், கிளிப், தள்ளி நின்று மெயின். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை வயரை மாட்டி முடித்து நிமிர்ந்தான்.

“இப்ப ஜீரோவா?” என்றாள் பில்கிஸ்.

“இல்லக்கா. பாயின்ட் ஆறு. கொஞ்சம் இருக்கு. எல்லா மெஷின்லயும் கொஞ்சம் இருக்கும். இனிமே அது பைப்புல எறங்கிரும், உங்க மேல வராது.”

அவள் அவன் முகத்தை அளப்பது போல் பார்த்தாள். எழுந்து பின்பக்கம் போனாள். குழாய் திறக்கும் சத்தம், தண்ணீர் விழும் சத்தம். கால் இரண்டும் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து உட்கார்ந்து, அடியில் கிடந்த ஃபோமைக் குதிகாலால் ஓரமாகத் தள்ளினாள். ஈரப் பாதங்களைத் தரையில் அழுத்தி வைத்தாள். “பிஸ்மில்லா” என்றாள்.

இசக்கிராஜா அவள் கையைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அளந்த எண் தெரிந்தும், கண்ணை மூடிக்கொண்டான்.

மெஷின் ஓடத் தொடங்கியது. ஒரு நீளத் தையல், நிற்காமல், ஒரு பக்கம் முழுக்க. முடிந்ததும் பில்கிஸ் நூலை வெட்டி, தோலைத் திருப்பிப் பார்த்து, அடுத்ததை எடுத்தாள். பக்கத்தில் சௌந்தர்யா தன் மெஷினை மிதித்தாள், பிறகு வஜீதா, பிறகு எல்லாரும். இருபது மெஷின் சத்தத்துக்கு நடுவில், மீட்டர் வயரைச் சுற்றிக்கொண்டு நின்ற அவனைப் போகச் சொல்லவும் யாரும் இல்லை, இருக்கச் சொல்லவும் யாரும் இல்லை.